இடது கையுறை

அத்தியாயம் பதினான்கு

போன வாரம் மார்னி தன் மகளிடம் சொல்லியனுப்பியது அதிகமில்லை. "ஞாயித்துக்கிழமை ஆட்டத்துக்கு அப்பாவை வரச் சொல்லு. ஒண்ணும் பேச வேணாம். இடது பக்கம் நின்னு கையுறையைப் பிடிச்சாப் போதும்."

சொல்லிவிட்டேன் என்றாள் ப்ரின். அதற்கு லீலண்ட் என்ன பதில் சொன்னான் என்பதை அவள் சொல்லவில்லை, மார்னியும் கேட்கவில்லை. இந்தக் குடும்பத்தில் கேட்க வேண்டியதைக் கேட்கும் வழக்கமே கிடையாது.

புதிதாகப் படிக்க வந்தவர்களுக்கு என்னைப் பற்றி. நான் டார்லா, லீலண்டின் தங்கை. அதாவது மார்னிக்கு நாத்தனார். கதையில் நாத்தனார் வந்தாலே கையில் விஷத்தோடு வருவாள் என்று உங்களுக்கு ஒரு நினைப்பு இருக்கும். என்னிடம் இருக்கிற விஷமெல்லாம் என் அண்ணனுக்குத்தான்.

மில்வாக்கியில் எங்கள் பர்லெஸ்க் ஆட்டக் குழுவுக்குப் பாட்டும் விளக்கும் போடுகிறவள் நான். ஆடுகிறவள் மார்னி. மேடையில் அவள் பெயர் வெல்வெட் வாண்டா. வார நாட்களில் ஒரு பல் டாக்டரிடம் வரவேற்பு மேசையில் உட்கார்ந்து அப்பாயின்ட்மென்ட் எழுதுவாள்.

லீலண்ட் அவளுக்குத் துணி எடுப்பவன். ஆட்டத்தில் ஒவ்வொன்றாகக் கழற்றி எறிவதையெல்லாம் யாராவது பொறுக்கி, மடித்துக் கூடையில் வைக்க வேண்டும் இல்லையா? இல்லாவிட்டால் அடுத்து வருகிறவள் கால் தடுக்கி விழுவாள். பன்னிரண்டு வருடம் மேடையின் இடது ஓரத்தில் கறுப்புச் சட்டையும் கறுப்புக் கோட்டும் போட்டுக்கொண்டு, தலையில் கறுப்புக் குல்லாவோடு அந்த வேலையைச் செய்தான்.

ஆகஸ்டில் நடந்த ஆண்டு விழா நினைவிருக்கும். மார்னி மைக்கைப் பிடித்து எல்லோருக்கும் நன்றி சொன்னாள். எனக்குச் சொன்னாள், தையற்காரிக்குச் சொன்னாள், கூடத்தின் ஐஸ் மெஷினுக்குக்கூடச் சொன்னாள். சபையே சிரித்தது. படுதாவுக்குப் பின்னால் கூடையோடு நின்ற புருஷனின் பெயர் மட்டும் அவள் வாயில் வரவில்லை. வேண்டுமென்று விடவில்லை, மறந்துவிட்டாள். கண்ணில் படாமல் நிற்பதுதான் துணி எடுப்பவனின் வேலை. அதை அவன் அவ்வளவு நன்றாகச் செய்திருந்தான்.

என் அண்ணன் அன்றைக்கு ஒரு வார்த்தை பேசவில்லை. சண்டை போட்டிருந்தால் அன்று ராத்திரியே தீர்ந்திருக்கும். மூன்று வாரம் ஊமையாக இருந்துவிட்டு, நாலு சட்டையை எடுத்துக்கொண்டு, முக்கால் மணி வண்டித் தூரத்தில் இருக்கும் ரசீன் ஊருக்குப் போய்விட்டான். அங்கே இருக்கும் குழுவில் இன்னொருத்திக்குத் துணி எடுக்கிறான் என்று மார்னிக்குத் தெரிந்த அன்று அவள் சொன்னதை நான் மறக்க மாட்டேன். "ஒருத்தியோட படுத்திருந்தாக்கூட பொறுத்திருப்பேன் டார்லா. கூடையைத் தூக்கிட்டுப் போயிட்டானே."

விவாகரத்துப் பத்திரம் தை மாதக் குளிரில் தபாலில் வந்தது. அவன் கையெழுத்துப் போட்டிருந்தான். இவள் கையெழுத்துப் போட்டு அவன் முகவரிக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். அது மார்னியின் ஃப்ரிட்ஜ் கதவில் காந்தத்துக்கு அடியில் கிடந்தது.

ஞாயிறு காலை நான் அவளை அழைத்துப் போகப் போனபோது அவள் சமையலறையில் துண்டை விரித்து, அந்த நீலக் கையுறைகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். முழங்கைக்கு மேலே வரும் சாட்டின் கையுறைகள். தொட்டியில் ஒரு கோப்பை, ஒரு தட்டு. லீலண்ட் உட்காரும் நாற்காலியில் இறகு விசிறிகளைச் சாய்த்து வைத்திருந்தாள். அவன் போனதிலிருந்து அந்த நாற்காலியில் எதையாவது வைத்துக்கொண்டே இருக்கிறாள், காலியாக விடுவதில்லை.

கதவுக்குப் பின்னால் சட்டை மாட்டும் கம்பி ஒன்றை நீட்டிக் கொக்கியாக வளைத்து மாட்டியிருந்தாள். அது எதற்கு என்று கேட்டேன். முதுகு ஜிப்பை இழுக்கவாம். ஊரார் முன்னால் கழற்றுவதைத் தொழிலாக வைத்திருக்கிறவளுக்கு வீட்டில் ஜிப் போட்டுவிட ஆள் இல்லை. நான் வேறு பக்கம் திரும்பிக் காபியை ஊற்றிக்கொண்டேன்.

அப்போதுதான் அவள் அதைச் சொன்னாள்.

"இன்னிக்கு அவன் வந்து பிடிச்சான்னா, அந்தக் காகிதத்தைக் கிழிச்சுப் போட்டுடுவேன்."

"பிடிக்கலைன்னா?"

"கையெழுத்துப் போட்டு அவனுக்கே அனுப்பிடுவேன். அதோட சரி."

மனுஷியைப் போல ஃபோன் பண்ணிக் கேட்டுத் தொலைத்தால் என்ன என்று கத்தினேன். அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"ஃபோன்ல கேட்டா சரின்னுதான் சொல்லுவான். அவன் எல்லாத்துக்கும் சரின்னு சொல்றவன். அந்தச் சத்தம் கேட்டாத்தான் எனக்கு நிஜம் தெரியும்."

அந்தச் சத்தம் எது என்று சொல்லிவிடுகிறேன்.

பர்லெஸ்க் என்றால் துணியைக் கழற்றுவது என்று நினைக்கிறவர்கள் ஒருமுறையாவது வந்து பார்க்க வேண்டும். கழற்ற எவ்வளவு நேரம் ஆகும்? கழற்றாமல் இழுத்தடிப்பதுதான் ஆட்டமே. 'நீலம்' என்று மார்னி ஒரு ஆட்டம் ஆடுவாள். பாதிப் பாட்டு வலது கை விரல்களிலேயே போய்விடும். ஒரு விரலை இழுப்பாள், சபையைப் பார்ப்பாள், வேண்டாம் என்று மறுபடி மாட்டிக்கொள்வாள். கிழவிகள்கூட மேசையைத் தட்டுவார்கள். வலது கையுறை ஒருவழியாகப் போன பிறகு, இடது கையுறையைப் பல்லால் கடித்து உருவித் தலைக்கு மேல் சுழற்றி, திரும்பிப் பார்க்காமல் தோளுக்குப் பின்னால் இடது ஓரத்து இருட்டில் எறிவாள். இருட்டிலிருந்து ஒரு கை மட்டும் வந்து அதைப் பிடிக்கும். பிடித்ததும் தொடையில் ஒரு தட்டு. டப். அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் அவள் அடுத்த அடி எடுத்து வைப்பாள்.

அவன் போனதிலிருந்து அவள் 'நீலம்' ஆடவில்லை. வேறு ஆட்டங்கள் ஆடினாள். ஆனால் எங்கள் தொழிலில் ஒருத்தியின் துணியை அவள் வாய்விட்டுக் கேட்காமல் யாரும் தொடக் கூடாது. 'என் துணியை எடுக்கிறியா?' என்று கேட்பது கிட்டத்தட்ட பெண் கேட்பது போலத்தான். அவள் யாரையும் கேட்கவில்லை. ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் விளக்கை அணைக்கச் சொல்லிவிட்டு, இருட்டில் முட்டி போட்டுத் தன் துணியைத் தானே தடவித் தடவிப் பொறுக்குவாள். நான் அதுவரை ஏதாவது பாட்டை ஓடவிடுவேன். அவள் முட்டி மரப்பலகையில் இடிக்கும் சத்தம் சபைக்குக் கேட்கக் கூடாதே என்றுதான்.

எங்கள் ஆட்டம் நடக்கும் கசிமிர் கூடத்துக்குப் போனதும் வண்டியை நிறுத்துகிறேன் என்று சாக்குச் சொல்லி நான் தனியாக நின்று அண்ணனைக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. குரல் பதிவில் சொன்னேன்: "டேய் லீலண்ட், எங்க இருந்தாலும் வந்து தொலை. இன்னிக்கு அந்தக் கையுறையை நீ பிடிக்கலைன்னா அவ கையெழுத்துப் போட்டுடுவா. அப்புறம் என்கிட்ட வந்து மூக்கைச் சிந்தாதே."

எனக்குத் தெரியாத ஒன்று ப்ரினுக்குத் தெரிந்திருந்தது. பிற்பாடு அவளே சொன்னாள். வியாழக்கிழமை அவள் அப்பாவிடம் பேசியபோது, அதே ஞாயிறு, அதே நேரம் ரசீனிலும் ஆட்டம் இருப்பதாக அவன் சொல்லியிருக்கிறான். ஒப்புக்கொண்ட மேடையை விட்டு வர முடியாது என்றிருக்கிறான். அம்மாவிடம் அதைச் சொல்ல அந்தப் பெண்ணுக்கு வாய் வரவில்லை. அம்மா பந்தயம் கட்டியிருப்பதும் அவளுக்குத் தெரியாது. அவளுக்குத் தெரிந்ததெல்லாம், கையுறை கீழே விழுந்தால் அம்மா சபை நடுவில் அவமானப்படுவாள் என்பதுதான்.

கசிமிர் கூடத்தில் ஞாயிறு என்றால் பகல் சாப்பாட்டோடு சேர்ந்த ஆட்டம். கீழே சமையலறை, மேலே மேடை. வோட்கா கலந்த தக்காளிச் சாற்றின் மேல் குச்சியில் சீஸும் ஊறுகாய் வெள்ளரியும் குத்தி மேசை மேசையாகப் போய்க்கொண்டிருந்தது. ஒரு மேசையில் கல்யாணப் பெண்ணும் தோழிகளும். ஒரு மேசையில் தபால் இலாகாவிலிருந்து ஓய்வு பெற்றவரும் அவர் மனைவியும். அவர்கள் ஒரு ஞாயிறையும் விடுவதில்லை. கோனி மைக்கைப் பிடித்துச் சபையைக் கத்தவைத்துக்கொண்டிருந்தாள். குழுவின் தலைவி அவள்தான். முழங்கால் போன பிறகு ஆடுவதை விட்டுவிட்டுப் பேசுவதை எடுத்துக்கொண்டாள்.

மேக்கப் அறையில் ஏழு பெண்கள் ஒரே கண்ணாடிக்கு அடித்துக்கொண்டிருந்தார்கள். பசை வாசனை, ஹேர் ஸ்ப்ரே, தரையெல்லாம் சமிக்கி. ஒருத்தி இன்னொருத்தியின் இடுப்பை இறுக்கும் கார்செட் நாடாவை இழுத்துக் கட்டினாள். இந்தக் கூட்டத்தில் ஒருவர் மேல் ஒருவர் கை வைக்காத நிமிஷமே இருக்காது. மார்னி மட்டும் மூலையில் முதுகைச் சுவரோடு ஒட்டி நின்று, வளைத்த கம்பியால் தானே ஜிப்பை இழுத்துக்கொண்டிருந்தாள். கையோடு கொண்டு வந்திருக்கிறாள் பாருங்கள். ஒருத்தி உதவிக்கு வந்தாள். ஆச்சு, ஆச்சு என்று சிரித்து அனுப்பிவிட்டாள்.

அவள் முறை வந்தது. நான் பாட்டைத் தொடங்கினேன்.

உண்மையைச் சொல்கிறேன், அவள் சரியாக ஆடவில்லை. காலெல்லாம் சரிதான். கண் இடது பக்கம் போகக் கூடாது என்று அவள் பட்ட பாடு எனக்குத் தெரிந்தது. அந்தப் பக்கத்துக் கழுத்தே விறைத்திருந்தது. வலது கையுறையை அவசரமாக உருவிவிட்டாள். சபை சிரிக்கக்கூட அவகாசம் கொடுக்கவில்லை.

இடது கையுறையைப் பல்லால் கடித்தாள். உருவினாள். சுழற்றினாள். என் விரல் சத்தத்தைக் கூட்டும் பொத்தானில் இருந்தது. கையுறை தரையில் விழுந்தால் அந்த அமைதி கேட்காதபடி பாட்டை உயர்த்திவிட வேண்டும் என்பது என் ஏற்பாடு. என்னால் ஆனது அவ்வளவுதான்.

எறிந்தாள்.

இருட்டிலிருந்து கறுப்புக் கோட்டுக் கை ஒன்று வந்தது. கையுறையைப் பிடித்தது. டப்.

நான் அழுதுவிட்டேன். எனக்கென்ன வெட்கம்? மார்னியின் தோள் இரண்டும் சட்டென்று இறங்கின. அதற்குப் பிறகு அவள் ஆடினாள் பாருங்கள், நான் இத்தனை வருடத்தில் பார்க்காத ஆட்டம். கார்செட்டின் ஒவ்வொரு கொக்கிக்கும் சபையிடம் அனுமதி கேட்டாள். கல்யாணப் பெண் நாற்காலி மேல் ஏறி நின்றாள். தபால்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். கடைசியில் மார்பில் ஒட்டிய இரண்டு ஜிகினா வட்டங்களும் நீல விசிறியுமாக அவள் நின்றபோது கூரை பிய்த்துக்கொண்டு போனது.

வழக்கமாக அதோடு விளக்கு அணையும். அவள் எனக்குக் கை காட்டி வேண்டாம் என்றாள். அங்கியைப் போர்த்திக்கொண்டு கோனியின் கையிலிருந்து மைக்கை வாங்கினாள்.

"ஆகஸ்ட்ல எல்லாருக்கும் நன்றி சொன்னேன். ஒருத்தரை விட்டுட்டேன்" என்றாள். மூச்சு வாங்கியது. "பன்னெண்டு வருஷமா நான் கழட்டிப் போட்டதையெல்லாம் ஒரு மனுஷன் குனிஞ்சு எடுத்தாரு. நான் திரும்பிப் பார்த்ததே இல்ல. பார்க்க வேண்டிய அவசியம் இருந்ததில்ல. அதனாலதான் மறந்துட்டேன், தப்பு என்னோடது. அவர் என் புருஷன் லீலண்ட். வெளிய வா லீலண்ட். ஒரு தடவை இவங்க உன்னைப் பார்க்கட்டும்."

சபை எழுந்து நின்றது. லீலண்ட், லீலண்ட் என்று மேசையைத் தட்டினார்கள். மார்னி இடது பக்கம் திரும்பிக் கையை நீட்டிக்கொண்டு நின்றாள். பன்னிரண்டு வருடத்தில் முதல் தடவையாக அந்தப் பக்கம் திரும்பியிருக்கிறாள்.

படுதா அசையவில்லை.

மறுபடியும் கூப்பிட்டாள். கத்தல் மெல்ல அடங்கியது. கை நீட்டியபடியே இருந்தது. கீழே கொண்டு வரவும் அவளுக்குத் தெரியவில்லை.

அப்புறம் படுதாவை விலக்கிக்கொண்டு ப்ரின் வந்தாள். அவள் அப்பா மேடை ஓரத்து ஆணியிலேயே விட்டுப்போன கறுப்புக் கோட்டு தோளில் பெரிதாகத் தொங்கியது. முடி முழுவதையும் குல்லாவுக்குள் திணித்திருந்தாள். கையில் நீலக் கையுறை.

சபை சிரித்தது. குறை சொல்ல முடியாது. அதுவும் ஆட்டத்தில் ஒரு வேடிக்கை என்று நினைத்துக்கொண்டார்கள். மார்னி மகளைப் பார்த்தாள், கையுறையைப் பார்த்தாள். பிறகு தொழில்காரி என்ன செய்வாளோ அதைச் செய்தாள். மகளின் கையைப் பிடித்துக்கொண்டு சபைக்குக் குனிந்து வணங்கினாள், முகம் நிறையச் சிரிப்போடு. நான் விளக்கை அணைத்தேன். இருட்டில் இரண்டு பேரும் குனிந்து துணி பொறுக்கும் சத்தம் கேட்டது.

மேக்கப் அறைக்கு நான் ஓடியபோது மற்றப் பெண்கள் வெளியே வந்துவிட்டிருந்தார்கள். யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை, அந்த விஷயத்தில் அவர்கள் நல்லவர்கள். உள்ளே ப்ரின் தேம்பிக்கொண்டிருந்தாள். ரசீன் ஆட்டத்தைப் பற்றி அப்போதுதான் அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள்.

"ஒப்புக்கிட்ட மேடையைப் பாதியில விடறவன் மனுஷனே இல்லைன்னு நீதான் அவருக்குச் சொல்லிக் கொடுத்தியாம், அப்பா சொன்னாரும்மா."

"ஆமா" என்றாள் மார்னி. "நான்தான் சொன்னேன்."

"கையுறை கீழ விழுந்துடக் கூடாதேன்னுதான்மா... உன்னைக் கேக்காம தொட்டுட்டேன்."

மார்னி ஒரு கண்ணில் ஒட்டியிருந்த பொய் இமைமயிரை உரித்து டப்பாவில் வைத்தாள். மகளின் குல்லாவைக் கழற்றி முடியைக் கோதிவிட்டாள்.

"நல்லாத்தான் பிடிச்சே. ஆனா சீக்கிரம் தட்டிட்டே. அவரு பிடிச்சிட்டு ஒரு மூச்சு விட்டுட்டுத்தான் தட்டுவாரு. எனக்குத் தெரிஞ்சிருக்கணும்."

காலையிலேயே ஃப்ரிட்ஜ் கதவிலிருந்து எடுத்து வந்திருந்த பத்திரத்தைக் கைப்பையிலிருந்து எடுத்தாள். கண்ணாடி முன்னால் ஜிகினா டப்பாக்களை ஒதுக்கி இடம் பண்ணிக்கொண்டு கையெழுத்துப் போட்டாள். கவரின் ஓரத்தை நாக்கால் நனைத்து ஒட்டினாள். ப்ரின் ஆஸ்பத்திரியில் நர்ஸ் பயிற்சிக்குப் போக வேண்டும். போகிற வழியில் தபால் பெட்டியில் போட்டுவிடச் சொன்னாள். ப்ரின் என்னைப் பார்த்தாள். பந்தயம் கட்டினவள் மார்னி, தோற்றவளும் மார்னிதான். அந்தப் பெண் கவரை வாங்கிக்கொண்டு போனாள்.

மார்னிக்குச் சூடாக ஏதாவது கொடுக்கலாம் என்று கீழே இறங்கினேன். சமையலறையில் எஃப்ரெய்ன் கல்லைச் சுரண்டிக்கொண்டிருந்தான். சனி ஞாயிறுக்கு மட்டும் வரும் சமையல்காரன் அவன்.

"உங்கண்ணன் ஒரு வாய் காபிகூடக் குடிக்காம போயிட்டாரே" என்றான்.

எடுத்த கோப்பையை வைத்துவிட்டேன். அப்புறம் அவன் சொன்னதை அவன் சொன்னபடியே சொல்கிறேன். லீலண்ட் பின்கதவு வழியாக ஓடி வந்திருக்கிறான். தோளெல்லாம் பனி. மேடைக்குப் போகும் பின்படியில் இரண்டிரண்டாகத் தாவி ஏறியிருக்கிறான். உடனே இறங்கி வந்துவிட்டான். முகம் வெளுத்திருந்ததாம்.

"என்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாரு. அவளுக்குப் புதுசா யாராச்சும் எடுக்கறாங்களான்னு. கல்லுல பன்னெண்டு பான்கேக் கிடக்கு, எனக்கென்ன தெரியும்? இருக்கும்னு சொன்னேன்."

பின்படியின் உச்சியில் நின்றால் இடது ஓரத்தில் நிற்கிறவரின் முதுகுதான் தெரியும். அவனுடைய கோட்டு, அவனுடைய குல்லா, அவன் நிற்கும் இடம். ஒரு கை உயர்ந்து கையுறையைப் பிடிப்பதை அவன் பார்த்திருக்கிறான். அவள் இன்னொருவரைக் கேட்டுவிட்டாள் என்று நினைப்பதைத் தவிர அவன் வேறு என்ன நினைப்பான்? எங்கள் ஆட்கள் யாராக இருந்தாலும் அதைத்தான் நினைத்திருப்பார்கள்.

"மார்னி மைக்ல பேசினப்போ இருந்தாரா?"

"இல்லையே. வண்டியில ஏறிக் கொஞ்ச நேரம் அப்படியே உக்காந்திருந்தாரு. மேல லீலண்ட் லீலண்டுன்னு கத்தறாங்க, இங்க அவர் வண்டி ரிவர்ஸ் எடுக்குது. நான் கதவைத் திறந்து கையைக்கூட ஆட்டினேன். ஜன்னலை ஏத்தி விட்டிருந்தாரு. பார்க்கல."

நான் அங்கேயே மாவு மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டேன். அப்போதுதான் ஃபோன் அடித்தது. அண்ணன் என்று பாய்ந்து எடுத்தால், ரசீன் குழுவின் தலைவி. அவன் அங்கே என் நம்பரைக் கொடுத்து வைத்திருக்கிறான். அவள் கொதித்துக்கொண்டிருந்தாள். ஆட்டம் நடக்கும்போதே ஃபோனைக் காதில் வைத்து எதையோ கேட்டானாம், சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டானாம். ஒரு பெண் கழற்றிப் போட்ட பாவாடை மேடையிலேயே கிடந்து, அடுத்து வந்தவள் வழுக்கி விழுந்து மணிக்கட்டு வீங்கியிருக்கிறதாம்.

"உங்கண்ணன்கிட்ட சொல்லிடுங்க. இனிமே அவர் கூடையோட இந்தப் பக்கம் வர வேணாம்."

என் குரல் பதிவு வேலை செய்திருந்தது.

மேலே ஓடி மார்னியிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். வந்தான் என்றதற்கு அவள் அசையவில்லை. புதுசாக யாராவது எடுக்கிறார்களா என்று கேட்டதைச் சொன்னபோது கண்ணை மூடிக்கொண்டாள். ரசீனிலிருந்து ஃபோன் வந்ததைச் சொன்னதும்தான் எழுந்தாள்.

"மேடையைப் பாதியில விட்டுட்டா வந்தான்?"

"ஆமாங்கறேன்."

"லீலண்டா?"

எங்கள் அம்மா போன செய்தி வந்த அன்றுகூட, கடைசித் துணியை மடித்துக் கூடையில் வைத்துவிட்டுத்தான் அவன் கிளம்பினான். அது அவளுக்கும் தெரியும். அவளுக்காக அவன் செய்யக் கூடியதிலேயே பெரிய காரியத்தைச் செய்துவிட்டு, அதை அவளிடம் சொல்லாமலே போயிருக்கிறான். என்ன ஜென்மமோ.

அவனைக் கூப்பிட்டோம். ஃபோனை அணைத்து வைத்திருந்தான். மறுபடி, மறுபடி. அதே குரல், அதே பதில். ரசீனில் அவனுக்கு இனி இடமில்லை, இங்கேயும் இல்லை என்று நினைத்துக்கொண்டு போயிருக்கிறான். ஏரிக்கரைச் சாலையில் பனி கொட்டுகிறது. எங்கே என்று தேடுவது?

கவரைப் போட்டுவிடாதே என்று சொல்ல ப்ரினைக் கூப்பிட்டோம். சொன்ன பேச்சைத் தட்டாத பெண் அவள். கூடத்து வாசலை ஒட்டி, தெருமுனையில் இருக்கும் தபால் பெட்டியிலேயே கவரைப் போட்டுவிட்டுப் போயிருந்தாள்.

நான் கோட்டைத் தேடிப் போடுவதற்குள் மார்னி இறங்கிவிட்டாள். பின்னால் ஓடினேன். ஆட்ட அங்கியின் மேல் யாரோ ஒருத்தியின் குளிர் கோட்டு, காலில் கோனியின் பூட்ஸ். ஒரு கண்ணில் பொய் இமைமயிர் இருந்தது, ஒரு கண்ணில் இல்லை. தபால் பெட்டியின் வாயில் கையை விட்டுப் பார்த்தாள். விரல்தான் போயிற்று. சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிய தபால்காரரும் மனைவியும் அந்தப் பக்கமாக வந்தார்கள். போட்டது போட்டதுதானம்மா, திறக்க ஆள் நாளைக் காலையில்தான் வரும், வந்தாலும் கொடுக்க மாட்டார்கள் என்று அவர் வருத்தத்தோடு சொன்னார். இன்றைய ஆட்டம் பிரமாதம் என்றாள் அவர் மனைவி. மார்னி அவர்களுக்கு நன்றி சொன்னாள்.

அவர்கள் போன பிறகும் அவள் பெட்டியை விட்டு நகரவில்லை. வீட்டுக்குப் போகலாம் வா என்றேன். உடம்புக்கு வந்துவிடும் என்றேன். அவள் பெட்டியின் தலையில் கிடந்த பனியைக் கையால் வழித்துவிட்டுக்கொண்டிருந்தாள்.

"திரும்பிப் பார்க்காம நான் எதை எறிஞ்சாலும் அது அவன் கையிலதான் போய் விழும் டார்லா" என்றாள். "இதையும் அவன்தான் பிடிக்கப் போறான்."

நான் வண்டியைக் கொண்டுவந்து பக்கத்தில் நிறுத்தி, ஹீட்டரைப் போட்டு, கதவைத் திறந்து வைத்தேன். அவள் ஏறவில்லை.